நாலு கண்ணாடியும் இறக்கி

குந்தாரப்பள்ளி கூட்ரோட்டில் தஸ்தகீர் பாயின் அம்பாசிடர் வளைந்து பெங்களூர் ரோட்டில் ஏறிய பிறகுதான் சென்னம்மாவுக்கு அது நடந்தது. அதுவரை, வேப்பனப்பள்ளியிலிருந்து வந்த அத்தனை தூரமும், வழக்கம்போல அவள் வாயசைவுகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மாங்காய் ஏற்றிய டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்து, பள்ளத்துக்குப் பள்ளம் இறங்கி ஏறி வந்த வண்டிக்குள் புழுக்கம் தாங்க முடியவில்லை. வைகாசி மாதம். நாலு கண்ணாடியும் அடிவரை இறங்கியிருந்தன. முன் கதவில் இருந்த முக்கோணக் கண்ணாடியையும் தஸ்தகீர் திருப்பி வைத்திருந்தார். பெரிய ரோட்டில் ஏறியதும் அவர் நாலாவது கியரைப் போட்டு மிதித்தார். காற்று நாலு பக்கமிருந்தும் உள்ளே பாய்ந்தது. முந்தானை முகத்தில் அறைந்தது, சீட்டின் மேல் விரித்திருந்த துண்டு எழும்பி விழுந்தது, பின் சன்னலோரம் தடதடவென்று துணி கிழிவதுபோல ஒரு சத்தம் உண்டாயிற்று. அந்தச் சத்தத்துக்கு நடுவே, யாரோ காதுக்குள் வாயை வைத்துப் பேசுகிற மாதிரி, ஒரு குரல் தெளிவாகக் கேட்டது.

"கண்ணாடிய ஏத்திடாதீங்க பாய், வேத்து ஊத்துது!"

நாத்தனார் நஞ்சம்மாவின் குரல். சென்னம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். பின் சீட்டில் இவள் ஒரு சன்னலோரம், நஞ்சம்மா மறு சன்னலோரம், நடுவில் மகள் முனிரத்னா. நஞ்சம்மா இவளைப் பார்க்கவே இல்லை. முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து பாயிடம் கத்திக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு மெல்ல மெல்ல மங்க ஆரம்பித்த காது சென்னம்மாவுடையது. முதலில் மாட்டு மணி கேட்காமல் போனது, அப்புறம் கூப்பிடுவது. கடைசி எட்டு வருஷமாகக் கிட்டத்தில் நின்று கத்தினால் ஒழிய எதுவும் கேட்பதில்லை. வீட்டில் யாருக்கும் அவள்மேல் கோபமோ வெறுப்போ கிடையாது. கத்திச் சொல்ல அலுத்துப்போய்விட்டார்கள், அவ்வளவுதான். சோறு, தண்ணி, மாடு, பஸ்ஸு என்று நாலைந்து சாடை மட்டும் மிச்சமிருந்தது. மற்றதெல்லாம் அவளுக்குக் கடைசியில் வந்து சேரும், இல்லை வராமலே போகும். போன மாசம் ரத்னாவைப் பெண் பார்க்க ஓசூரிலிருந்து ஆள் வருகிறார்கள் என்பதே, நடுவீட்டில் ஜமக்காளம் விரிப்பதைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. அன்றைக்கு முழுக்க அடுப்படியிலேயே நின்று பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள்.

ஊரில் அவளுக்குப் பிடித்த ஒரே இடம் ராகி அரைக்கிற மில்தான். பெல்ட் ஓடி, தகரக் கூரையே அதிர்கிறபோது, சுற்றி நிற்கிற பெண்கள் பேசுவது அவளுக்கு ஒரு சொல் விடாமல் கேட்கும். மில்லில் எல்லாரும் கத்தித்தான் பேசுகிறார்கள், அதனால் கேட்கிறது என்று நினைத்திருந்தாள். அரைக்க ஒரு படிதான் இருந்தாலும் தானே தூக்கிக்கொண்டு போவாள். இப்போது இந்தக் கார் அந்த மில்லைப் போலவே இருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்ப்பதுபோல உட்கார்ந்தாள்.

"அண்ணா," என்று நஞ்சம்மா மறுபடி கத்தினாள். "மாப்பிள வூடு பாக்க போற எடத்துல, அவுரு அம்மா அண்ணிகிட்ட ஏதாச்சும் கேட்டா என்னா பண்றது? இது பாட்டுக்கு சிரிச்சிகினே இருக்கும்."

முன் சீட்டில் இருந்த சென்னம்மாவின் புருஷன் திம்மப்பன் பாதி உடம்பைத் திருப்பினான். "நானும் அதத்தான் யோசிச்சிகினு வரன் நஞ்சி. இன்னிக்கு மௌன விரதம்னு சொல்லிடலாமா?"

"விரதமா? எந்த சாமிக்கு?"

"ஏதோ ஒரு சாமிக்கு. திங்கக்கெழமதான? சிவனுக்குன்னு சொல்லு."

"ஏன் நைனா," என்றாள் ரத்னா. "காது மந்தம்னு சொன்னா என்னா கொறஞ்சி போவுது?"

"சொன்னா, நாளைக்கு பொண்ணுக்கும் வருமான்னு கேப்பாங்க. ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

சென்னம்மா மகளின் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் மனசுக்குள் இருந்தது பாவாடை கட்டிய பெண்ணின் கீச்சுக்குரல். இது கனத்த, தீர்மானமான ஒரு பெண்ணின் குரல். எப்போது மாறியது? ஓசூருக்கு வேலைக்குப் போன இந்த இரண்டு வருஷத்திலா, அதற்கும் முன்னாலா?

"இன்னொண்ணு," என்றான் திம்மப்பன், இந்த முறை திரும்பாமல். "கல்யாணம் ஆனதும் வேலைய விட்டுடுவான்னு சொல்லிட்டன். அந்தம்மா கேட்டாங்க."

ரத்னா வெடித்தாள். "யாரக் கேட்டு சொன்ன? பர்மனென்ட் ஆயி மூணு மாசங்கூட ஆவல. கம்பெனி லைன்ல நாப்பது பேரு இருக்கறோம், முடி மாதிரி இருக்கற கம்பிய பூதக்கண்ணாடி வச்சி பாத்து ஒட்டவைக்கணும், ஒருத்தருக்கும் வராதது எனக்கு வருதுன்னு சூப்பர்வைசரே சொல்றாரு. அத வுட்டுட்டு நான் எதுக்கு வூட்ல உக்காரணும்?"

"மொள்ள பேசு," என்றாள் நஞ்சம்மா, தானும் கத்திக்கொண்டே.

"எனக்காக பேசறதுக்கு இந்த வூட்ல ஒரு ஆளு இல்ல அத்த. அம்மாவுக்கு மட்டும் காது கேட்டிருந்தா, இந்நேரம் நைனாவ சும்மா உட்டிருக்குமா?"

சென்னம்மா மகளின் விரல்களைப் பார்த்தாள். மகள் லீவில் வரும்போதெல்லாம் நீல நிற யூனிஃபார்மைக் கொடியில் காயப் போடுவதைப் பார்த்திருக்கிறாள். என்ன வேலை என்று கேட்டால் இரண்டு விரலைச் சேர்த்து, சின்னது, ரொம்பச் சின்னது என்று சாடை காட்டுவாள். ஏதோ மணி கோக்கிற வேலை என்று நினைத்திருந்தாள். ஒருத்தருக்கும் வராதது இவளுக்கு வருகிறதாம். இதை இத்தனை நாள் தன்னிடம் சொல்ல முடியாமல் அந்தப் பெண் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எனக்கு எதுக்கு விரதம்?" என்றாள் சென்னம்மா.

ஒருவரும் திரும்பவில்லை. அவளுடைய குரல் அவளுக்குத் தலைக்குள் பெரிதாகக் கேட்கும், அதனால் எப்போதும் அடங்கித்தான் பேசுவாள். இந்தக் காற்றில் அது மடியைக்கூடத் தாண்டவில்லை. இன்னொரு தரம் சொன்னாள். ரத்னா மட்டும் அம்மா இருமுகிறாளோ என்று பார்த்தாள். சென்னம்மா முன் சீட்டின் முதுகைப் பற்றிக்கொண்டு எழும்பி, காட்டில் பன்றி விரட்டுகிற குரலில் கத்தினாள்.

"எட்டு வருசமா விரதந்தான இருக்கறன்! இன்னும் எதுக்குய்யா புதுசா ஒண்ணு?"

தஸ்தகீரின் கால் தானாகப் பிரேக்கில் விழுந்தது. பின்னால் வந்த லாரி ஆரனை அலறவிட்டு ஒதுங்கிப் போனது. அம்பாசிடர் ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்றது. காற்று நின்றது. கூடவே எல்லாமும் நின்றது. நாலு பேரும் இவளை நோக்கித் திரும்பி ஒரே நேரத்தில் வாயசைத்தார்கள், ஒரு சொல்லும் வரவில்லை. நஞ்சம்மாவின் கை நெஞ்சில் இருந்தது. திம்மப்பனின் வாய் திறந்து திறந்து மூடியது.

"வண்டிய எடுங்க பாய்!" என்றாள் சென்னம்மா. "நின்னா கேக்கல. ஓட்னாத்தான் கேக்குது!"

தஸ்தகீருக்கு ஐம்பது வயது, இருபத்தைந்து வருஷமாக டாக்ஸி ஓட்டுகிறவர். வண்டியில் பிரசவம் பார்த்திருக்கிறார், மாப்பிள்ளை ஓடிப்போனதைப் பார்த்திருக்கிறார். கேள்வி கேட்காமல் கியரைப் போட்டார். முள் அறுபதைத் தொட்டதும் காற்று மறுபடி இரைந்தது. நஞ்சம்மா, கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறவளைப் போலக் குனிந்து, "அண்ணி, நான் யாரு?" என்று கேட்டாள்.

"என் வூட்டு நெய்யில பாதிய தூக்கிகினு போற நாத்தனா!"

பாய் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ரத்னா சிரித்தாள், சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கேக்குதா அம்மா? நெஜமா கேக்குதா?" என்று மாற்றி மாற்றிக் கேட்டு, பத்துப் பதினைந்து ஊர்ப் பேர்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லவைத்தாள். வேகம் குறைந்தால் குறைந்தது, ஏறினால் ஏறியது. கண்ணாடியைப் பாதி ஏற்றிப் பார்த்தார்கள், பாதிதான் கேட்டது. ஏன் இப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. "இரைச்சல் இருந்தா அக்காவுக்கு காது தொறக்குது. அல்லா குடுத்த பூட்டு, அவனே குடுத்த சாவி," என்று பாய் முடித்துவிட்டார்.

திம்மப்பன் மட்டும் திரும்பவில்லை. அவன் பிடரி சிவந்திருந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே சத்தமாகச் சொன்னான். "விரதம்னு சொன்னத மனசுல வச்சிக்காத."

"அத அப்பறம் பேசிக்கலாம். வேலைய விட்டுடுவான்னு வாக்கு குடுத்தியே, என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாய்யா?"

"எப்பிடி கேக்கறது?" என்றான் அவன். அது சாக்கு இல்லை, நிஜமாகவே அவனுக்குத் தெரியாத ஒன்றைக் கேட்பதுபோல இருந்தது. அவளுக்கு அதற்குமேல் அவனைத் திட்ட மனம் வரவில்லை.

"சரி, அந்தம்மாகிட்ட நான் பேசிக்கறன்," என்றாள்.

சூளகிரி மலை வலது பக்கம் வந்து பின்னால் போகிறவரை அவள் ஒரு நிமிஷத்தையும் வீணாக்கவில்லை. எட்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கேட்டாள். கிணற்று மோட்டாரை எதற்கு விற்றார்கள்? எதிர்வீட்டுக்காரி பொங்கலன்றைக்கு ஏன் அழுதாள்? மாமனார் செத்த அன்று கடைசியாக என்னவோ சொன்னாரே, என்ன சொன்னார்? மூன்று பேரும் மாறி மாறிக் கத்தினார்கள். மாமனார் கடைசியாகக் கேட்டது மீன்குழம்பு என்று தெரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் ஏதோ தன்னை மன்னிக்கச் சொன்னதாக இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். நஞ்சம்மாவுக்குத் தொண்டை கட்டிப்போய், தெரிந்தவற்றைப் பாயே சொல்ல ஆரம்பித்தார்.

ஓசூருக்குள் நுழைந்ததும் வண்டி பஸ்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. பேச்சு விட்டு விட்டு வந்து, அப்புறம் அறுந்தது. ரத்னாவுக்கு அன்று செகண்ட் ஷிப்ட். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மூன்று பெண்களோடு அவள் தங்கியிருந்த அறையருகில் இறங்கிக்கொண்டாள். மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண் வரக்கூடாது என்பதால் முதலிலேயே அப்படித்தான் ஏற்பாடு. இறங்கியவள் சன்னலுக்குள் கையை விட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. ஆனால் தலையாட்டினாள் சென்னம்மா.

மாப்பிள்ளை மாதேஷின் வீடு மூக்கண்டப்பள்ளியில், பெங்களூர் ரோட்டை ஒட்டி, ஓடு வேய்ந்த இரண்டு அறை வீடு. மாதேஷ் பக்கத்துத் தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவன், காலை ஷிப்டுக்குப் போயிருந்தான். அவன் அம்மா சாந்தம்மா வாசலுக்கு வந்து கைகூப்பினாள். உயரமான, நரைத்த பெண். புருஷன் போய் நாலு வருஷம் ஆகிறது. தமிழும் கன்னடமும் கலந்து பேசுகிறவள். வீடு சுத்தமாக இருந்தது. ஒரு சாமான் இடம் மாறவில்லை. தண்ணீர்க் குடத்தின் மேல் கவிழ்த்த டம்ளர்கூட நடுவில் சரியாக இருந்தது. கரண்ட் இல்லாததால் ஃபேன் நின்றிருந்தது. சென்னம்மாவின் காதில் அந்த வீடு நிறைகுளம்போல அசையாமல் கிடந்தது.

சாந்தம்மா பலகாரத் தட்டை நீட்டி, சென்னம்மாவைப் பார்த்து ஏதோ கேட்டாள். சென்னம்மா பழக்கதோஷத்தில் சிரித்தாள். மறுபடி கேட்டாள். மறுபடி சிரித்தாள். நஞ்சம்மா அண்ணனைப் பார்த்தாள். திம்மப்பனின் உதடு அசைய ஆரம்பித்ததைக் கண்டதும், அதன் முதல் எழுத்து 'மௌ' தானா வேறா என்று சென்னம்மா காத்திருக்கவில்லை.

"எனக்கு காது மந்தங்க," என்றாள். "பெத்த பொண்ணு பேசறதுகூட வூட்ல கேக்காது. ஆனா கார்ல போனா நல்லா கேக்குது, இன்னிக்கு வரும்போதுதான் தெரிஞ்சிது. உங்ககிட்ட ஒரு விசயம் பேசணும். கோச்சிக்காம என்கூட ஒரு நட வண்டியில வரீங்களா?"

திம்மப்பன் கண்ணை மூடிக்கொண்டான். சாந்தம்மா தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அவள் முகத்தில் முதலில் ஒன்றுமில்லை, பிறகு புருவம் ஏறியது, பிறகு வாயோரம் கோணியது. தட்டை நஞ்சம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே போய், கொடியில் கிடந்த நல்ல சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு வந்து செருப்பைத் தேடினாள். வைகாசி வெயிலில் எதற்குச் சால்வை என்று யாரும் கேட்கவில்லை. காரில் போகிறவர்கள் அப்படித்தான் போகவேண்டும் என்று அவள் நினைத்திருக்கலாம்.

ரோட்டில் ஏறியதும் பாய் மிதித்தார். முதல் காற்றிலேயே சாந்தம்மாவின் கொண்டை அவிழ்ந்தது. "அய்யோ, ஏனு இது!" என்று தலையைப் பிடித்தவள், இரண்டாவது நிமிஷத்தில் பிடிப்பதை விட்டுவிட்டாள். சால்வையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கேக்குதா?" என்று கத்தினாள்.

"கேக்குது! நான் பேசறது கேக்குதா?"

"கேக்குது, சொல்லுங்க!"

"எம்பொண்ணு வேலைய விடணும்னு கேட்டீங்களாமே. ஏங்க? ஷிப்டுக்கு போறது புடிக்கலியா?"

சாந்தம்மா சன்னலுக்கு வெளியே பார்த்தாள். சிப்காட் சுவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. இப்படிக் கத்திச் சொல்லக்கூடிய விஷயமா என்று யோசிப்பவளைப்போல இருந்தாள். வாசலில் வைத்து மெல்லச் சொல்வதாக இருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பாள். காற்றில் அதற்கெல்லாம் இடமில்லை.

"புடிக்காம இல்ல! அவுரு போனதுல இருந்து வூட்ல பேச்சே இல்லங்க. பையன் ஷிப்டுக்கு போனா, நான் இந்த செவுத்தயும் அந்த செவுத்தயும் பாத்துகினு உக்காந்திருக்கணும். அவன் வந்தா தூங்கறான். மருமவ வந்தா ஒருவாய் பேச்சுக்கு ஆளாச்சேன்னு பாத்தன். அவளும் ஷிப்டு கார்டு தூக்கிகினு கௌம்பிட்டா, நான் யாருகிட்ட பேசுவன்?"

சென்னம்மா அவளையே பார்த்தாள். அவிழ்ந்த நரைமயிர் முகத்தில் புரண்டுகொண்டிருந்தது. இவளிடம் ஏதேதோ வாதம் செய்யவேண்டும் என்று வரும்போது மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். அதெல்லாம் தேவைப்படவில்லை.

"எங்க வூட்ல ஆளுங்க நெறைய," என்றாள். "பேச்சுதான் என்கிட்ட வரல. எனக்கு தெரியுங்க அது எப்பிடி இருக்கும்னு."

சாந்தம்மா தலையசைத்தாள்.

"ஆனா ஒண்ணு கேளுங்க. நாள் முச்சூடும் வூட்லயே இருக்கறவ உங்ககிட்ட என்னாத்த சொல்லுவா? உப்பு தீந்துது, பருப்பு தீந்துதுன்னு சொல்லுவா. வெளிய போயிட்டு வந்தாத்தான சொல்றதுக்கு நாலு விசயம் இருக்கும்! அவ லைன்ல நாப்பது பொண்ணுங்களாம். நாப்பது பேரு கதையும் உங்க வூட்டுக்கு வரும். எனக்கு அதெல்லாம் கேக்க குடுத்து வைக்கல. நீங்க கேளுங்க!"

சொல்லும்போதுதான் அவளுக்கே அது உறைத்தது. மகளின் பேச்சையெல்லாம் இன்னொருத்திக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு சின்ன வலி எழுந்தது. அதை அவள் காற்றிலேயே விட்டுவிட்டாள்.

ஜூஜூவாடி செக்போஸ்ட்டில் லாரிகள் நீள நின்றிருந்தன. "இதுக்கு மேல கர்நாடகா. நமக்கு பர்மிட் இல்லக்கா," என்று பாய் வண்டியை ஓரங்கட்டித் திருப்ப வழி பார்த்தார். காற்று அடங்கியது. அந்த நேரம் பார்த்து சாந்தம்மா ஏதோ சொன்னாள்.

"என்னாங்க?"

சாந்தம்மா மறுபடி சொன்னாள். சென்னம்மா உதட்டைப் பார்த்தாள். 'போ' என்பதுபோல இருந்தது, அது யாருக்கு, எங்கே என்று பிடிபடவில்லை. சாந்தம்மா பொறுமை இழந்து, இரண்டு கையையும் வாயருகில் குவித்துக்கொண்டு கூவினாள்.

"போகட்டும்! வேலைக்கு போகட்டும்னு சொன்னன்!"

லாரி டயரைத் தட்டிக்கொண்டிருந்த டிரைவர் திரும்பினான். கியூவில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வெள்ளரிக்காய்க் கூடையோடு சன்னலருகே வந்த பெண், "யாரும்மா வேலைக்கு போறது?" என்று கேட்டாள். "என் மருமவ!" என்று சாந்தம்மா அவளிடமும் அதே குரலில் சொன்னாள். இறக்கிய குரலை எங்கே வைத்தோம் என்று அவளுக்கு மறந்துபோயிருந்தது. இரண்டு வெள்ளரிக்காய் வாங்கினாள், ஒன்றை உடைத்து சென்னம்மாவிடம் பாதி, பாயிடம் பாதி நீட்டினாள்.

வண்டி திரும்பி வேகமெடுத்தது. "மாதேஷ் என்னா சொல்வானோ!" என்றாள் சாந்தம்மா. "அவனுக்கு கோவம் வரும், என்ன கேக்காம எப்பிடி சொன்னன்னு."

"அவுரையும் ஒருநாள் ஏத்திகினு வந்து கேப்போம்!"

"வரமாட்டான். வெக்கப்படுவான். அவங்க அப்பா மாதிரி. அவுரு ஒருதரம் என்ன மைசூருக்கு கூட்டிகினு போறன்னு சொல்லி..." என்று சாந்தம்மா ஆரம்பித்தாள். அது மைசூரில் நிற்கவில்லை. மாமியார், கல்யாணம், ஆனேக்கல்லில் இருந்த பழைய வீடு என்று ஒன்றுக்குள் ஒன்று போனது. நாலு வருஷமாகச் சொல்லாதது எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. சென்னம்மா நடுநடுவே கேள்வி கேட்டாள், கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்குள் தன் கதை ஒன்றைச் சொன்னாள்.

மூக்கண்டப்பள்ளி வந்தது. வீட்டு வாசல் தாண்டி ரோட்டோரத்திலேயே திம்மப்பனும் நஞ்சம்மாவும் வந்து நின்றிருந்தார்கள். காரைப் பார்த்ததும் திம்மப்பன் துண்டைத் தோளிலிருந்து எடுத்துத் தலைக்குமேல் ஆட்டினான். தஸ்தகீர் மேலே இருந்த சின்னக் கண்ணாடியில் பின்சீட்டை ஒருமுறை பார்த்தார். இரண்டு பெண்களும் ஒருவர் முகத்துக்குள் ஒருவர் புகுந்துகொண்டு, ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் மிதித்த காலை எடுக்கவில்லை.

துண்டு உயர்ந்தபடியே பின்னால் போனது. சென்னம்மா பேச்சை விடாமல் வெள்ளரிக்காய் பிடித்த கையை சன்னலுக்கு வெளியே நீட்டி புருஷனுக்கு ஒருமுறை ஆட்டினாள். மடியிலிருந்து கிளம்பிய சாந்தம்மாவின் சால்வையின் ஒரு முனை மறு சன்னல் வழியாக வெளியே போய், ஓசூர்ப் பக்கமாக ஓடும் கார் நெடுக படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது.